இரண்டாவது கீபோர்டு

முதலில் சக்கரம். சக்கரத்துக்கு எந்த பட்டன் என்பதில் தியாகேசனுக்குக் குழப்பமே இல்லை. இரண்டாவது கீபோர்டின் இடது மேல்மூலை, கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தாலும் தட்டுப்படுகிற இடம். வெள்ளை ஸ்டிக்கர் தாளில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, பொடி எழுத்தில் 'சக்கரம்' என்று எழுதி, பட்டன்மேல் ஒட்டிக் கட்டைவிரலால் தேய்த்தார். திரையில் அந்தச் சின்ன ப்ரோக்ராம் கேட்டது: எந்தக் கீபோர்டு, எந்த பட்டன், அதை அழுத்தினால் விமானத்தில் என்ன நடக்க வேண்டும். இது இல்லாமல் முடியாது. கம்ப்யூட்டருக்கு இரண்டு கீபோர்டைச் செருகினாலும் இரண்டும் ஒன்றுதான். எதில் அழுத்தினாலும் ஒரே எழுத்து, அழுத்தியது எந்தப் பக்கத்துக் கை என்று அதற்குத் தெரியாது. தெரிய வைக்கத்தான் இந்த ப்ரோக்ராம். பழைய கம்ப்யூட்டரோடு வந்த இந்தக் கீபோர்டைப் பரண்மேலிருந்து இறக்கி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் இடுக்குகளில் இருந்த அழுக்கையெல்லாம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தவர் மணி பதினொன்றாகியும் எழுந்திருக்கவில்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் லேப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு லேபிள் ஒட்டுவது கைவந்த கலை. ஐம்பத்திரண்டு வயதில் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற இது என்ன விளையாட்டு என்று லேபில் கேட்டவர்களிடம் விளையாட்டு இல்லை சார், நிஜ விமானத்தில் இருக்கிற அத்தனையும் இதில் இருக்கிறது, பைலட்டுகளே இதில்தான் பழகுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்? எண்ண வேண்டாம். அடுத்தது இறக்கையின் பின்னோரத்தில் இருக்கிற இறக்கை மடிப்பு, ஒரு படி இறக்க ஒன்று, ஒரு படி ஏற்ற ஒன்று. பிறகு பிரேக். பிறகு விளக்குகள். இறங்கும்போது எரிகிற விளக்கு, வாலில் மினுக்குகிற விளக்கு, உள்ளே பயணிகள் தலைக்குமேல் எரிகிற பெல்ட் விளக்கு. அங்கே கை நின்றது.

பெல்ட் விளக்கு. 'பெ' எழுதினார், பேனா மக்கர் செய்தது, தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார், எழுதியது. பேனாவில் கோளாறு இல்லை. அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதுதான் அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தார். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், பட்டனைப் பார். பட்டனைப் பார்த்தார், பட்டனுக்கு அடியில் அந்த சீட்டின் முதுகு தெரிந்தது, நீலநிற ரெக்சின், அதில் சொருகியிருந்த வாந்திப் பை. நாலு மாதம் முன்னால், கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்ததற்காக, போர்ட் பிளேர். இந்திராணிக்கு அதுதான் முதல் விமானம். அவருக்கும்தான், ஆனால் அதை அவர் யாரிடமும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை, வீட்டில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டியாயிற்றே. சென்னையில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து விளக்கம். இப்போது இறக்கை மடிப்பை இறக்குகிறான் பார், இப்போது சக்கரம் உள்ளே போகிற சத்தம், டொக்கென்று கேட்டதா, பயப்படாதே. அவள் பயப்படவே இல்லை, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து சீட்டுக்காரர்கூட இவர் சொல்வதைக் கேட்பதற்காகக் காதிலிருந்த ஒயரைக் கழற்றினார். இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார் மனுஷன். கடைசியில் இறங்கப் போகிற நேரம் காற்று ஒரு தட்டு தட்டியது, இன்னொரு தட்டு, தரை எழும்பி வருவதுபோல் வந்தது, அப்புறம் இன்ஜின் இரண்டும் அலறியது, வயிறு பின்னாலேயே தங்கிவிட்டது, மூக்கு வானத்தைப் பார்த்தது. கோ-அரவுண்ட். இறங்க வந்த விமானம், காற்று சரியில்லை என்று இறங்காமல் மறுபடி மேலே ஏறுவது. வீட்டில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து நூறு தடவை அவரே செய்திருக்கிறார், ஒரு கையில் டீ கிளாஸோடு. பயமே வேண்டாத விஷயம், பத்திரத்துக்காகவே செய்கிற விஷயம், அது அவருக்குத் தெரியும், தெரியும் என்பதுதான் மானக்கேடு. தெரிந்த எதுவும் அந்த நேரத்தில் கூட வரவில்லை. "ஐயோ போச்சு, போச்சு, இறக்கி விடுங்கடா" என்று ஒரு குரல் கேட்டது, யாருடா இது இப்படிக் கத்துவது என்று அவருக்கே ஒரு நொடி எரிச்சல் வந்தது, அப்புறம்தான் தொண்டை வலித்தது. எழுந்து நின்றிருந்தார். பணிப்பெண் தன் இடத்தில் கட்டுண்டு உட்கார்ந்தபடியே ஸிட் டவுன், ஸிட் டவுன் என்று கத்தினாள். முன்சீட்டுக்காரக் குழந்தை இரண்டு சீட்டுக்கு நடுவில் இருந்த இடுக்கு வழியாக அவரைப் பார்த்தது. ஒரு கண்தான் தெரிந்தது. அந்த ஒரு கண். இந்திராணி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, பெல்ட்டைத் தேடிப் போட்டுவிட்டு, அவர் தலையை அமுக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமில்ல, இதோ முடிஞ்சுது." அவள் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் நான்கு நகமும் பதிந்தது. இறங்கினபிறகு படிக்கட்டில் அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் இவரைக் கடந்து போகும்போது வேண்டுமென்றே வேறுபக்கம் பார்த்தார். நல்ல மனிதர். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பெல்ட் விளக்கை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று நினைத்தார். அடுத்தது கோ-அரவுண்ட் பட்டன். பட்டியலில் அதுதான் இருந்தது, போன வாரம் அவரே எழுதிய பட்டியல். அதையும் தாண்டி ரேடியோவுக்குப் போனார். சரி, பயந்தார். மனுஷன் பயப்படுவான். அதுமட்டும் என்றால் இந்நேரம் ஆறியிருக்கும், நாலு பேரிடம் தானே சொல்லிச் சிரித்திருக்கலாம், தியாகேசன் சார் பிளேனில் கத்தின கதை என்று லேபில் ஒரு மாதம் ஓடியிருக்கும், பிறகு ஓய்ந்திருக்கும். அது இல்லை. அதற்குப்பின் பத்தாம் நாள், கரூரில், இந்திராணியின் தம்பி கருணாகரன் வீட்டில், பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. கருணாகரன்தான் எடுத்தான்: "என்ன மச்சான், ஃப்ளைட்டெல்லாம் எப்படி? ஒங்களுக்கென்ன, வீட்லயே ஓட்டுற ஆளு." எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சொல்ல ஆரம்பித்தார், நன்றாகத்தான் ஆரம்பித்தார், காற்று அடித்ததைச் சொன்னார், தரை எழும்பி வந்ததைச் சொன்னார், இன்ஜின் அலறியதைச் சொன்னார், எல்லாரும் சோற்றில் கையை வைத்தபடி அசையாமல் கேட்டார்கள், "ஐயோ போச்சு போச்சுன்னு ஒரே கத்தல்" என்றார், அதுவரை எல்லாம் உண்மை, சத்தியமான உண்மை, யார் கத்தினது என்று கருணாகரன் மனைவி சுமித்ரா கேட்டாள், கத்தின என்பது வரைக்கும் நாக்கு நேராகத்தான் வந்தது, கடைசியில்தான் திரும்பியது. கத்தினேன் என்று வரவேண்டிய இடத்தில் கத்தினா என்று வந்தது. "ஒங்கக்காதான். எந்திரிச்சு நின்னு கத்தினா" என்றார் கருணாகரனைப் பார்த்து. ஒரு விகுதி. அவ்வளவுதான் பொய். பள்ளிக்கூடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தது, அதில் இரண்டு படி தள்ளி வைத்துவிட்டார், தன் பயத்தைத் தூக்கிப் படர்க்கையில் வைத்துவிட்டார். வைத்தபின் நிறுத்தவும் தெரியவில்லை. கதையில் ருசி ஏறிப்போயிற்று. நான் பெல்ட்டைப் போட்டுவிட்டேன், இதுக்குப் பேர் கோ-அரவுண்ட், ஒண்ணுமில்ல என்று சொன்னேன், மடியில் படுக்க வைத்துக்கொண்டேன். சிரிப்பு. தன்யா, கருணாகரன் மகள், படிப்பு லீவில் வந்திருந்தவள், "பாவம் அத்தை" என்றாள். இந்திராணி அப்போது ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் நிமிரவில்லை. பார்த்தது அவள் கையைத்தான். ரசவாளியைப் பிடித்த கையில் அந்த நான்கு கோடும் பழுப்பாகக் காய்ந்திருந்தது, அவள் மணிக்கட்டை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டாள், அவருக்காகத் திருப்பிக்கொண்டாள், யாராவது கேட்டுவிடுவார்கள் என்று. "ஆமா, எனக்கு ரொம்ப பயமாப் போச்சு" என்றாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்றாள். ஊற்றச் சொன்னார். ஊற்றிய ரசத்தைக் குடித்தார். அதுதான் நினைக்க நினைக்கத் தாங்கவில்லை, பொய் சொன்னதுகூட இல்லை, அந்த ரசம் நன்றாக இருந்தது, அவர் கையை ஏந்தி இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தார்.

திரையில் ப்ரோக்ராமின் பெட்டி கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது. ஒரு பட்டனை அழுத்தவும். அழுத்தினார். கூடத்தில் போன் அடித்தது. இந்திராணி புடலங்காய் நறுக்கிக்கொண்டிருப்பாள், கை ஈரமாக இருக்கும், ஸ்பீக்கரில்தான் போடுவாள். போட்டாள். கருணாகரன் குரல் கணீரென்று வந்தது. நவம்பரில் தன்யாவுக்குப் பட்டமளிப்பு, சண்டிகரில். எல்லாரும் போகிறார்கள். விமானத்துக்கு இன்றைக்கே டிக்கெட் போட்டுவிடலாம் என்று இருக்கிறானாம். "ஒனக்குத்தான் என்ன பண்றதுன்னு யோசனை, அக்கா. பயந்துக்கிட்டு வரவேண்டாம்னு தன்யாவே சொல்றா. ட்ரெயின்னா போக மூணு நாள் ஆயிடும், மாறி மாறிப் போகணும்." தியாகேசன் பட்டன்மேல் விரலை வைத்தபடி மூச்சை அடக்கிக்கொண்டார். இந்திராணி சிரிக்கிற சத்தம். "எனக்குத்தான் ஏரோப்ளேன் ஆகாதேப்பா. நான் ட்ரெயின்லயே வர்றேன். அவரும் என்கூடவே வந்துடுவாரு. என்னைத் தனியா விடமாட்டாரு." விரலுக்கு அடியில் பட்டன் இறங்கிக் கிடந்தது, திரையில் ஒரே எழுத்து வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது, அவர் எடுக்கவில்லை, ஏனென்றால் அவர் நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் இறங்கியதுபோல ஒரு நிம்மதி இறங்கியது. அப்பாடா, ஏறவேண்டியதில்லை. பட்டமளிப்புப் பேச்சு வந்த நாளிலிருந்து உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்து அரித்துக்கொண்டிருந்தது அது, மறுபடியும் அந்த நீல சீட்டு, அந்தக் கதவைச் சாத்துகிற சத்தம். ஏறவேண்டியதில்லை. அந்த நிம்மதி முழுதாக இறங்கி முடிக்கும்போதுதான் உறைத்தது. அவளுக்குத் தெரியும். அவருக்கு இப்படி நிம்மதி வரும் என்று தெரிந்துதான் சொல்கிறாள். அவள் பயத்தால் அவர் ட்ரெயினில் வருகிறார் என்று ஊரெல்லாம் நினைக்கட்டும் என்று, பொய்யை அவள் வாங்கிக்கொண்டது போதாதென்று, அதற்கு மேலே ஒரு சால்வையையும் போர்த்துகிறாள், தனியா விடமாட்டாராம். மூணு நாள் போக, மூணு நாள் வர, நாற்பத்தெட்டு வயதில் முட்டிவலியோடு மேல் பெர்த்தில் ஏறி இறங்கிக்கொண்டு.

இது முதல் தடவை இல்லை. அதுவும் இப்போதுதான் வந்தது, எங்கிருந்து வந்தது, இருபத்து நாலு வருஷம் எங்கே கிடந்தது என்று தெரியவில்லை. கல்யாணமான புதிதில் பாலக்கரை ரவுண்டானாவில் ஸ்கூட்டர் சறுக்கி இரண்டு பேரும் விழுந்தது. மணல் கிடந்ததை அவர் பார்க்கவில்லை, பக்கத்து தியேட்டர் பேனரைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். அவளுக்கு முழங்கையில் எட்டுத் தையல். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமனார் வந்து எப்படி மாப்பிள்ளை என்று கேட்டபோது, "பின்னாடி உக்காந்துக்கிட்டு அசைஞ்சுட்டா மாமா" என்றார். அசைஞ்சுட்டா. அன்றைக்கும் அதே விகுதி. உள்ளேயிருந்து அவள், தையல் போட்டுக்கொண்டே, "ஆமாப்பா, நான்தான் அசைஞ்சுட்டேன்" என்றாள். அதற்குப்பின் பதினைந்து வருஷம் எங்கே போனாலும் மாமனார் அவளிடம் "ஆடாம அசையாம உக்காரும்மா" என்று சொல்லி அனுப்பினார், சாகிறவரை சொன்னார், அவளும் சரிப்பா, சரிப்பா என்று கேட்டுக்கொண்டாள். அவர் பக்கத்தில் நின்று ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார். இன்னும் எத்தனை இருக்கும்? அவருக்கு நினைவில்லாதது. அவளுக்கு நினைவிருப்பது. தான் யோக்கியன் என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு ஆள் இந்த அறையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான், அவனை இப்போது காணவில்லை. இப்போது எழுந்து போய்ச் சொல்லலாம், பத்து அடி தூரம். போனை வைத்தபிறகு அவளிடம் மட்டும் சொல்லலாம், இந்தும்மா மன்னிச்சுடு என்று. அது சுலபம், அவள் விடுங்க என்று விடுவாள், அதையும் வாங்கிக்கொண்டு வந்து மறுபடி இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். இல்லை. பத்துப் பேர் முன்னால் வைத்ததைப் பத்துப் பேருக்குக் கேட்கத்தான் எடுக்க வேண்டும். கருணாகரன் டிக்கெட் போடும் பக்கத்தைத் திறந்துவிட்டான், "ட்ரெயின் தேதி பாக்கவா அக்கா, பதினொண்ணாந்தேதி கிளம்புனா சரியா இருக்கும்" என்கிறான், "பாருப்பா" என்கிறாள் அவள்.

கூடத்துக்கு எப்படி வந்தார் என்று தெரியவில்லை. இந்திராணி அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு, சோபாவை ஒட்டித் தரையில் உட்கார்ந்து கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே போன் மல்லாந்து கிடந்தது. அவரைப் பார்த்து, காபி வேணுமா என்று கையாலேயே கேட்டாள். அவர் குனிந்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான். ஒங்களுக்கும் சேத்து ட்ரெயின்தான் பாக்குறேன்."

"அதில்ல. அன்னிக்கு பிளேன்ல கத்துனது ஒங்கக்கா இல்ல."

"என்ன மச்சான்?"

"நான். நான்தான் கத்துனேன். எந்திரிச்சு நின்னதும் நான்தான். ஒங்கக்காதான் என்னைப் புடிச்சு உக்கார வெச்சா. ஒங்க வீட்ல நான் மாத்திச் சொல்லிட்டேன்."

இந்திராணி கையில் கத்தி நின்றிருந்தது. போனில் அங்கே ஓடுகிற டிவி சத்தம் வந்தது. என்னவாம் என்று சுமித்ரா கேட்பது தூரத்தில் கேட்டது. "ஒண்ணுமில்ல, இரு" என்று கருணாகரன் அவளிடம் தணிந்த குரலில் சொன்னான். அந்த இரு, அதில் இருந்த கூச்சம், தனக்காக இன்னொருத்தன் கூசுகிறான் என்பது, அது காதுமடலிலிருந்து கழுத்து வரை சூடாக இறங்கியது. அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சுமித்ராகிட்டயும் தன்யாகிட்டயும் சொல்லிடு மாப்ள. நானும் வந்து சொல்றேன்."

"சரி மச்சான்." கொஞ்சம் விட்டு, "அப்ப டிக்கெட் என்ன பண்ண?"

"எனக்கு பிளேன்லயே போட்டுடுப்பா" என்றாள் இந்திராணி.

அவ்வளவு சீக்கிரம் சொன்னாள். அவன் கேட்டு முடிக்கிறவரைகூடக் காத்திருக்கவில்லை. அவ்வளவு ஆசையா அவளுக்குள் இருந்தது? மச்சானுக்கு என்று கருணாகரன் கேட்டான். தியாகேசன் வாயைத் திறந்தார். நானும் பிளேன்தான் என்று சொன்னால் இந்த ஒரு நாளாவது மிச்ச கௌரவத்தோடு முடியும், நவம்பரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சொல்லிவிடலாம், நாக்கு தயாராகத்தான் இருந்தது.

"எனக்கு ட்ரெயின் போடு மாப்ள. என்னால ஏற முடியாது."

அவள் போனை வைத்தாள். நறுக்கியதைக் கூட்டி முறத்தில் அள்ளினாள். அவர் சோபாவில் உட்காரலாமா என்று பார்த்து, உட்காராமல் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் முகம் சிவந்திருந்தது, கோபமா என்னவென்று பிடிபடவில்லை, இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் பிடிபடவில்லை.

"இதைச் சொல்ல நாலு மாசமா?" என்றாள்.

"நீ ஏன் அன்னிக்கு ஆமான்னு சொன்ன?"

"பின்ன? எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது இவர் பொய் சொல்றாருன்னு சொல்லவா?" முறத்தை ஒரு தட்டு தட்டினாள், விதைகள் ஓரத்துக்கு ஒதுங்கின. "நீங்க சொன்னதுகூடப் பெரிசில்லங்க. பயந்தவன்னு பேரு வந்தா வந்துட்டுப் போகுது. ஆனா அதுக்கப்புறம் எனக்கு அதைப் பத்திப் பேசவே முடியாம போச்சு."

"எதைப் பத்தி?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அது மறுபடி மேல ஏறுச்சுல்ல, அப்ப ஒரு பக்கமா சாஞ்சு திரும்புச்சு. கீழ கடல் பூரா தெரிஞ்சுது. நடுவுல கருநீலம், கரைகிட்ட வர வர பச்சை, அந்தப் பச்சையை நான் எந்தப் புடவைலயும் பாத்ததில்ல. அதுக்குள்ள திட்டுத்திட்டா என்னமோ, பாறையோ என்னமோ. ஒரு படகு, தண்ணில மிதக்குற மாதிரியே இல்ல, அந்தரத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு, அதோட நிழல் அதுக்குக் கீழ தனியா கெடந்துச்சு. இந்தா பாருங்கன்னு ஒங்களைக் கூப்பிடலாம்னு பாத்தா, ஒங்க தலை மடியில கெடக்கு. சரி, ஊருக்குப் போய் எல்லார்கிட்டயும் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். அப்புறம் எப்படிச் சொல்றது? பயந்து கத்துனவ கடலைப் பாத்தேன்னு சொன்னா யாரு நம்புவா?"

அவர் தலை குனிந்தார். தரையில் ஒரு புடலங்காய் வளையம் முறத்துக்கு வெளியே விழுந்து கிடந்தது. அதை எடுத்து உள்ளே போட்டார்.

"எவ்வளவு நேரம் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"முழுசா சொல்லு."

அவள் அவரை ஒரு தடவை பார்த்தாள். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது, குக்கர் ஒரு விசில் விட்டது, அவள் எழுந்திருக்கவில்லை. கால் இரண்டையும் நீட்டி முட்டியை நீவிவிட்டுக்கொண்டு, "மொதல்ல ஒரு வெள்ளைக் கோடுதான் தெரிஞ்சுது" என்று ஆரம்பித்தாள்.